பட்டியலில் இடம்பெற்றவள் எழுதும் மதிப்புரை: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸும் அதன் ஒன்பதாம் படியும்

ஒரு சேவையைப் பற்றி மதிப்புரை எழுதுபவர் வழக்கமாக அதைப் பயன்படுத்தியவராக இருப்பார். குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பில் நான் உறுப்பினர் அல்ல. என் அண்ணன்தான் உறுப்பினர். அந்த அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளில் எட்டாவது படி, தன்னால் தீங்குக்கு உள்ளானவர்கள் அனைவரையும் பட்டியலிடும்படி குடிநோயாளியைக் கேட்கிறது. ஒன்பதாவது படி, இயன்ற இடங்களிலெல்லாம் அவர்களுக்கு நேரடியாக ஈடுசெய்யச் சொல்கிறது. அண்ணனுடைய பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. ஆகவே இது, அந்தச் சேவை யாருடைய வாசலில் வந்து நின்றதோ அவள் எழுதும் மதிப்புரை. அண்ணன் இதைப் படித்துவிட்டு, ஊரின் பெயரும் குழுவின் பெயரும் வரவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நடைமுறைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கூட்டம் ஒரு தொடக்கப்பள்ளியின் வகுப்பறையில், வாரத்தில் 3 நாள், இரவு 7 மணிக்குத் தொடங்கி 8.30-க்கு முடிகிறது. கட்டணம் இல்லை, சேர்க்கைப் படிவம் இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதுமான தகுதி. குடும்பத்தாரும் வரலாம் என்று அறிவிக்கப்படும் திறந்த கூட்டங்களுக்கு நான் 4 முறை போயிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருப்பதுதான் ஒரே உடல் வசதிக் குறைவு. தேநீருக்கும் அறை வாடகைக்கும் ஒரு துணிப்பையைச் சுற்றிவிட்டுத் தங்களுக்குள்ளேயே பணம் திரட்டுகிறார்கள். நான் 100 ரூபாயை எடுத்தபோது பக்கத்தில் இருந்தவர் என் கையை மெல்லத் தடுத்து, வெளியாரிடம் வாங்குவதில்லை என்றார். வாங்கக்கூடாது என்பது, குழுக்கள் நடக்கவேண்டிய முறைக்கென அவர்கள் வகுத்திருக்கும் மரபுகளில் ஏழாவது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். குடியை நிறுத்துவதற்காக எங்கள் குடும்பம் அதற்கு முன்பு செலவழித்த பணத்தை நினைக்கும்போது, அந்தத் தடுத்த கையே எனக்கு இந்த அமைப்பின் மேல் ஏற்பட்ட முதல் மரியாதை.

ஈடுசெய்தல் என்பது இந்த அமைப்பில் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரம் அல்ல. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ஏக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் 1935-இல் சந்தித்ததிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று கருதப்படும் 1935 ஜூன் 10-ஆம் தேதியையே அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அன்று காலையில் அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. கை நடுங்காமல் இருக்க வில்சனே அவருக்கு ஒரு பீர் கொடுத்தாராம். சிகிச்சை முடிந்தும் மருத்துவர் வீடு திரும்பவில்லை. எங்கேயோ குடிக்கப் போய்விட்டார் என்று வீட்டில் கலங்கியிருக்க, அவரோ தாம் கடன்பட்டவர்களையும் புண்படுத்தியவர்களையும் வீடு வீடாகச் சென்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று அமைப்பினர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 1950-இல் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. படிகள் 1939-இல் அச்சேறியபோது இந்த வீடு வீடாகச் செல்லுதல் ஒன்பதாவது இடத்தைப் பெற்றது.

அது ஏன் முதல் படியாக இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடிக்கிறவர் உள்ள வீட்டில் மன்னிப்புக்குப் பஞ்சமே இருக்காது. என் அண்ணன் 12 வருடங்களில் கேட்ட மன்னிப்புகளை எண்ணினால் நூற்றுக்கணக்கில் வரும். குடித்த இரவுக்கு மறுநாள் காலையில், குளித்து, திருநீறு பூசி, அண்ணியின் முன்னும் அம்மாவின் முன்னும் கைகூப்பி நிற்பார். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். அப்போது அவர் பட்ட வேதனை பொய்யென்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அந்த மன்னிப்பு, முந்தைய இரவின் வேதனையை அவரிடமிருந்து இறக்கி எங்கள் தலையில் வைப்பதாகவே இருந்தது. மன்னித்தோம் என்று நாங்கள் சொல்லவேண்டும். சொன்னதும் அவர் நெஞ்சு லேசாகும். லேசான நெஞ்சோடு மாலையில் வெளியே போவார். எட்டுப் படிகளைக் கடந்த பின்புதான் வாசற்கதவைத் தட்டலாம் என்ற ஏற்பாடு இந்தச் சுழற்சியை உடைக்கிறது. அண்ணனுக்கு அந்த இடத்தை அடைய 14 மாதம் ஆயிற்று.

ஏஏ பிறந்த அதே ஓஹாயோவில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி, தம் சகாக்களோடு சேர்ந்து 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு மன்னிப்புக் கோரலில் இருக்கக்கூடிய ஆறு கூறுகளைப் பிரித்து, எது எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்த ஆய்வு அது. பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது முதலிடத்திலும், கெட்டதைச் சரிசெய்ய முன்வருவது அடுத்த இடத்திலும் நின்றன. கடைசி இடம், ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று கேட்பதற்கு. எங்கள் வீட்டில் 12 வருடம் கிடைத்ததெல்லாம் அந்தக் கடைசிக் கூறு ஒன்றுதான்.

இனி எங்கள் விஷயம். 2016 பொங்கலுக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டுப்பொங்கலன்று பீரோவில் வைத்திருந்த என் 5 பவுன் சங்கிலியைக் காணவில்லை. எல்லோரும் தேடினோம்; அண்ணனும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். அந்த வீட்டில் 11 வருடமாகப் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, எங்கள் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்த ஓர் அம்மா இருந்தார். பிள்ளைகள் அவரை ஆயா என்று அழைப்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை, அதாவது வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போலீசுக்குப் போகாததைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டோம்.

நான்கு வருடங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்காராமல் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். சங்கிலியின் எடை, எடுத்த தேதி, அடகுக் கடை இருந்த தெரு, கிடைத்த 70,000 ரூபாய், அது செலவான விதம், வட்டி கட்டாமல் நகை மூழ்கிப்போன மாதம் எல்லாம் அதில் இருந்தன. குடிதான் அப்படிச் செய்யவைத்தது என்ற வரி இல்லை. ‘மன்னித்துவிடு’ என்பதும் இல்லை. அதைக் கேட்காதே என்று அவருடைய ஸ்பான்சர், அதாவது படிகளில் அவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர், கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நான் எழுதினதுல விட்டுப்போனது ஏதாவது இருக்கா?” எனக்கு அதற்குமுன் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இல்லை என்றேன். அந்த ‘இல்லை’யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படித்தபோது அவருடைய தோள் குனிந்திருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் உளவியலாளர்கள் வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். ஜூன் டாங்னி இதைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். செய்த செயல் தவறு என்று உறுத்துவது குற்ற உணர்வு. நானே கெட்டவன் என்று சுருங்குவது அவமான உணர்வு. முன்னது தீங்குற்றவரை நோக்கி நடக்கவைக்கிறது, பின்னது ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறது. கனடாவில் ஜேசன் ராண்டில்ஸ், ஜெசிகா டிரேசி இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் குடியை நிறுத்தியிருந்த ஏஏ உறுப்பினர்களைத் தங்கள் குடியைப் பற்றிப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள். மார்பு ஒடுங்கித் தோள் சரிந்து அவமானத்தை உடலில் காட்டியவர்களே சில மாதங்களில் மறுபடி குடிப்பதற்கு அதிக வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். வாயால் தாங்களே சொன்ன அவமானத்தின் அளவு அப்படி முன்கூட்டிக் காட்டவில்லை, உடல் காட்டியது. கைகூப்பி நின்ற அந்தக் காலைகளில் அண்ணனின் உடல் எப்படியிருந்தது என்பதை நான் மறக்கவில்லை. ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்லி ஒவ்வொருவரும் பேச்சைத் தொடங்குவது அவமானத்தை வளர்க்காதா என்று போகுமுன் சந்தேகப்பட்டேன். அறையில் இருக்கும் அத்தனை பேரும் அதையே சொல்லும்போது அது வசையாக இல்லாமல் முகவரியாகிவிடுகிறது. ஆனால் ஆறாம், ஏழாம் படிகளில் வரும் ‘குணக் குறைபாடுகள்’ என்ற பேச்சு எனக்கு இன்னும் ஒப்பவில்லை. தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் இயல்புள்ள ஒருவர் அந்த இடத்தில் பல மாதம் சிக்கிக்கொள்ளலாம். ஒருவரை அப்படிச் சிக்கியபடி நான் கூட்டத்தில் பார்த்தேன்.

பணத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன், இரண்டு மாதத்துக்குள் அதே எடையில் ஒரு சங்கிலி வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான், மறைப்பானேன். அடுத்த வாரம் அண்ணியிடம் பேசியபோதுதான் அந்தச் சங்கிலி எதிலிருந்து வரவிருந்தது என்பது தெரிந்தது: அண்ணியின் பிறந்த வீட்டார் போட்ட வளையல்கள். அண்ணியிடம் கேட்கவில்லை; அறிவித்திருக்கிறார், அவ்வளவுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த இலோனா டி ஹூகேயும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. குற்ற உணர்வில் இருப்பவர் தன்னால் தீங்குற்றவருக்கு அள்ளிக் கொடுக்கிறார். ஆனால் அந்தக் கொடை அவருடைய பங்கிலிருந்து குறைவதில்லை, அருகில் இருக்கும் மூன்றாமவரின் பங்கிலிருந்து குறைகிறது. குற்ற உணர்வின் கண் ஒருவரை மட்டுமே பார்க்கும்; மற்றவர்கள் அதற்கு மங்கலாகிவிடுகிறார்கள்.

ஒன்பதாம் படியின் பின்பாதி இதை 1939-இலேயே அறிந்திருந்ததுபோல் அமைந்திருக்கிறது. ஈடுசெய்வது அவர்களையோ பிறரையோ புண்படுத்துமாயின் அங்கே செய்யாதே என்பது அந்த விதிவிலக்கு. பன்னிரண்டு படிகளிலும் நான் அதிகம் மதிப்பது இந்த அரை வாக்கியத்தை. அண்ணனுடைய ஸ்பான்சர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், 20 வருடத்துக்கு மேலாகக் குடிக்காதவர். வளையல் விஷயம் காதில் விழுந்ததும், “தம்பி, கடன் உன்னுது, வளையல் அவங்களுது” என்று சொல்லிவிட்டார். அதன்பின் மாதம் 3,000 ரூபாய் என்று முடிவாயிற்று. 5-ஆம் தேதி என் கணக்குக்கு வருகிறது. இரண்டு முறை தாமதமாகியிருக்கிறது, ஒருமுறையும் தவறியதில்லை. மொத்தமாக வந்திருந்தால் எனக்கு ஒரு நகை கிடைத்திருக்கும். இப்படி வருவதால் ஒவ்வொரு மாதமும் அண்ணன் குடிக்கவில்லை என்ற செய்தி கிடைக்கிறது.

ஸ்பான்சர் இதை ‘சரிக்கட்டுறது’ என்கிறார். கூட்டத்தில் சிலர் ‘பரிகாரம்’ என்றார்கள். இரண்டாவது சொல்லோடு எனக்குப் பிணக்கு உண்டு. நம் வழக்கில் பரிகாரம் என்பது கிரகத்துக்கோ தெய்வத்துக்கோ செய்வது. விளக்கேற்றி, அர்ச்சனை செய்து, கயிறு கட்டிக்கொண்டு வந்துவிடலாம். தீங்குற்ற மனிதர் அந்தக் காட்சியிலேயே இருக்கமாட்டார். அண்ணனும் முன்பு குடியை விடுவதற்காக மூன்று கோயில்களில் கயிறு கட்டியவர்; அந்த மூன்று முறையும் அவர் என் வீட்டு வழியாகத்தான் போனார், உள்ளே வரவில்லை. எண்ணி வருந்தக்கூடிய செயல்களைச் செய்யாதே என்று தொடங்கும் 655-ஆம் குறளுக்கு, செய்துவிட்டால் பின்னர் இருந்து வருந்திக்கொண்டிராமல் இருப்பது நன்று என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். அத்தகையதை மறுபடி செய்யாதிருப்பது நன்று என்று பொருள் கொள்வோரும் உண்டு. பள்ளியில் எனக்கு இரண்டாவது பொருளைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணனின் கூப்பிய கைகளைப் பார்த்த பிறகு பரிமேலழகர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஸ்பான்சர் என்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர் அல்லர். புதிதாக வந்தவருக்கு முன்னால் படிகளைக் கடந்த ஒரு குடிநோயாளி, அவ்வளவே. எங்களுக்கு வாய்த்தவர் விவேகி. வாய்க்காத குடும்பங்களில், பழைய கள்ள உறவுகளையெல்லாம் மனைவியிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, தான் மட்டும் பாரம் இறங்கி நிம்மதியாகத் தூங்கிய கணவர்களும் இருக்கிறார்கள். ஒரு திறந்த கூட்டத்தில் ஒருவரே அப்படிச் செய்ததாகச் சொல்லி வருந்தினார். கடவுள் பற்றிய பேச்சு, ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்ற சலுகையோடு வந்தாலும், நாத்திகருக்குத் தொண்டையில் நிற்கும். பயன் உண்டா என்று கேட்போருக்கு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 திறனாய்வு இருக்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய அது, ஏஏ-வில் ஈடுபடுத்தும் முறையான சிகிச்சைகள் முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிட மேலானவை என்று கண்டது. அது குடிப்பவரின் கணக்கு. ஈடு பெற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அதன் கேள்வி அல்ல.

என் பெரிய மனக்குறையும் அங்கேதான். வாசலில் வந்து நிற்பவருக்குப் பின்னால் ஓர் ஸ்பான்சரும் ஒரு வகுப்பறை நிறைய மனிதர்களும் இருக்கிறார்கள்; கதவைத் திறப்பவள் தனி ஆள். இப்போது கேட்க மனமில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. குடும்பத்தாருக்கென 1951-இல் தொடங்கப்பட்ட அல்-அனான் இருக்கிறது. அண்ணி இரண்டு முறை போனார். அங்கும் அதே பன்னிரண்டு படிகள், தன்னுடைய தவறுகளைப் பட்டியலிடும் படி உட்பட. “அடியும் வாங்கிட்டுப் பட்டியலும் நான் எழுதணுமா?” என்று கேட்டுவிட்டு அண்ணி நின்றுவிட்டார். அந்தக் கோபத்தை நான் நியாயம் என்றே கருதினேன். என் விஷயத்தில் மட்டும் அது நியாயமாக நிற்கவில்லை.

அண்ணன் என்னிடம் வந்து போன சில வாரங்களில் ஸ்பான்சர் அந்தத் தாளை மறுபடி வாங்கிப் பார்த்திருக்கிறார். “திருட்டுப் போச்சுன்னு எல்லாரும் நம்பினாங்கன்னு எழுதியிருக்கியே, யார் திருடினதா நம்பினாங்க?” என்று கேட்டாராம். 40 பெயர் கொண்ட பட்டியலில் ஆயாவின் பெயர் இல்லை. விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டபோது நானும் இல்லை என்றவள். அந்த மாட்டுப்பொங்கலன்று ஆயா கொல்லையில் இருந்தபோது அவருடைய பையைத் திறந்து பார்த்தது நான்தான். சோற்றுத் தூக்கு, வெற்றிலைச் சுருக்குப்பை, பேரனுக்காக எடுத்து வைத்திருந்த பாதி கிரேயான் ஒன்று. மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் நின்று, “அவங்களைத் தவிர அந்த ரூமுக்குள்ள வேற யார் போறா?” என்று சொன்னதும் நான்தான். எனக்கு ஸ்பான்சர் கிடையாது, எட்டாம் படி கிடையாது; பாதிக்கப்பட்டவள் என்ற இடத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனோடு நானும் போனேன். ஸ்பான்சர் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டார். ஆயா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, முதலில் என் பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணன் தாளில்லாமல் சொன்னார். பையைத் திறந்ததை நான் சொன்னேன். அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார் ஆயா, சுருக்குப்பை வேறு பக்கமாக இருந்ததாம். அண்ணன் கொண்டுபோன உறையை அவர் தொடவில்லை. எங்கள் வீட்டை விட்ட ஒரு மாதத்துக்குள் அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அவரை நிறுத்தியிருக்கிறார்கள்; அது எங்களில் யாருக்கும் தெரியாது. “எனக்குக் காசு வேணாம் பாப்பா. அந்த மூணு வீட்டுலயும் போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றார்.

இரண்டு வீடுகளில் அண்ணன் சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள், மற்றதில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. கம்பிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது வீட்டார் மகனோடு ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் நின்று நான் அந்த வார்த்தையைச் சொன்னது அவர்களிடம்தான் என்பதால் அது அண்ணனுடைய வீடு அல்ல, என்னுடையது. பழைய பால்காரர் மூலம் முகவரி கிடைத்திருக்கிறது. நேரில் போக முடிந்த இடத்துக்குப் போன் செய்யக்கூடாது என்று ஸ்பான்சர் அண்ணனிடம் சொன்னதை எனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பேருந்தில் இடம் பதிவு செய்திருக்கிறேன்.